மணிக்கட்டு போதும்

என் கணவருக்கு வீடியோ கேம் என்றாலே இளக்காரம். தொண்ணூறுகளில், டெல்லி கரோல் பாக்கில் வாங்கிய கேசட் விளையாட்டுப் பெட்டியில் மத்தியான வேளைகளில் ஆடிக்கொண்டிருப்பேன். திரையில் ஓடும் பொம்மையைக் குதிக்க வைக்கும் பொத்தான் கொஞ்சம் மந்தம். பள்ளம் வருவதற்கு முன்பே அழுத்திவிட வேண்டும். அது என் கட்டைவிரலுக்குப் பழகிப்போயிருந்தது. ஒருமுறை அவரும் வாங்கி ஆடிப் பார்த்தார். பொம்மை குதிக்க வேண்டிய இடத்தில் பொத்தானை விட்டுவிட்டுத் தன் கைகளைத் தூக்கினார். பொம்மை பள்ளத்தில் விழுந்தது. தப்பு பொம்மையுடையது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

பல வருடங்கள் கழித்து, வெளிநாட்டிலிருந்து வந்த என் தம்பி எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ஒரு புதுக் கருவியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். டிவி ரிமோட் மாதிரி ஒன்றைக் கையில் பிடித்து வீசினால், திரையில் இருக்கும் ஆள் மட்டையை வீசுவான். கணவர் கல்லூரியில் டென்னிஸ் ஆடியவர். பெண் பார்க்க வந்த அன்றே அதைச் சொன்னார், இன்றுவரை நிறுத்தவில்லை.

"இதுதான்டி ஆட்டம். திறமை இல்லாதவங்க பாச்சா இதுல பலிக்காது" என்றார்.

வெள்ளைக் கால்சட்டை, கான்வாஸ் ஷூ, நெற்றியில் ஒரு பட்டை. டீப்பாய் பால்கனிக்குப் போனது. இல்லாத பந்தை மேலே எறிந்து, எம்பி, தோளிலிருந்து வீசுவார். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

நான் சோபாவில் சாய்ந்தபடி ஆடினேன். முதல் நாளே புரிந்துவிட்டது, அந்தக் கருவிக்கு டென்னிஸ் தெரியாது. கை எப்போது வெடுக்கென்று அசைகிறது என்பது மட்டும்தான் அதற்கு வேண்டும். ஈ ஓட்டுவதுபோல் மணிக்கட்டைச் சொடுக்கினால் போதும். அவர் கையைப் பின்னால் கொண்டுபோகும்போதே அது அடித்ததாக எடுத்துக்கொள்ளும்; அவர் அழகாக வீசி முடிப்பதற்குள் பந்து தாண்டிப் போயிருக்கும்.

"சீட்டிங்! உக்காந்துக்கிட்டு ஆடறதெல்லாம் ஒரு ஆட்டமா? எழுந்து நில்லு."

நின்றேன். நின்றும் ஜெயித்தேன்.

"மணிக்கட்டை ஆட்டாதே. முழுக் கையையும் வீசு."

"அப்ப நான் தோத்துடுவேனே?"

"அதான் நியாயம்" என்றார், சிரிக்காமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மேலதிகாரியைச் சாப்பிட அழைத்திருந்தார். இட்லி சாம்பார் முடிந்ததும் ரிமோட்டை அவர் கையில் கொடுத்தார். அதிகாரி பருத்த மனிதர். சோபாவை விட்டு எழும் உத்தேசமே இல்லை. ஒரு கையில் காபி டம்ளர், மறு கையால் சொடுக்கு. கணவர் துள்ளித் துள்ளி, வேர்த்து விறுவிறுத்துத் தோற்றார்.

"வாஹ் சார்! என்ன மணிக்கட்டு சார் உங்களுக்கு!" என்று ஹிந்தியில் உருகினார். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பாபிஜி, நீங்களும் வாங்களேன்" என்று அதிகாரி என்னை ஹிந்தியில் அண்ணி முறை சொல்லிக் கூப்பிட்டார்.

கணவர் முகத்தில் சிரிப்பு மாறாமல் தமிழில் சொன்னார்: "தோத்துடு. என் பிரமோஷன் பேப்பர் இவர் மேஜைலதான் இருக்கு."

"உக்காந்து தோக்கவா, நின்னுக்கிட்டுத் தோக்கவா?" என்று நானும் சிரித்தபடியே கேட்டேன்.

உட்கார்ந்தேன். ஜெயித்தேன். முதல் ஆட்டத்துக்கு அதிகாரி சிரித்தார். இரண்டாவதுக்கு "அச்சா" என்றார். மூன்றாவதுக்கு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகும் அவர் ஆட்டம் தேறவில்லை. அவரை வழியனுப்பிவிட்டு வந்த கணவர் டீப்பாயை உள்ளே கொண்டுவந்து டொம்மென்று போட்டார்.

அடுத்த மாதமே அதிகாரியும் அதே கருவியை வாங்கினார். ஞாயிறுதோறும் கணவருக்கு அழைப்பு வந்தது, பாபிஜிக்கு வரவில்லை. ஷூ, நெற்றிப்பட்டையோடு போய், தோளைத் தடவிக்கொண்டு திரும்புவார். பிரமோஷனும் கிடைத்தது. சாருக்காக வேண்டுமென்றே விட்டுக்கொடுத்ததாக உறவினர்களிடம் சொல்லிக்கொள்கிறார். அங்கே அவர் உயிரைக் கொடுத்து ஆடித்தான் தோற்றார் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் அவர் கண்ட தோல்விகள் அந்தக் கதையில் வருவதில்லை.