ரவா தோசைக்கு நேரம் ஆகும்

எங்கள் அப்பா சிவனடி சேர்ந்து ஓராண்டு நிறையப் போகிறது. தலைத் திவசத்தன்று உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலரில் அப்பாவைப் பற்றி எழுதும் பொறுப்பு மூத்த மகளாகிய என் தலையில் விழுந்தது. "யக்கா, நீதான டீச்சர், நீயே எழுதிரு" என்று தம்பிகள் இருவரும் ஒதுங்கிக்கொண்டார்கள். மாசாமாசம் வந்த சடங்குகளிலும், பாவூர்சத்திரத்துக்கும் தென்காசிக்குமாக ஏறி இறங்கிய பஸ்களிலும் நான் அலுத்துப்போயிருக்கிறேன். எழுத்தில் அழகு குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு என் மேல் வருத்தம் இருப்பதும் எனக்குத் தெரியும். வருஷம் கழியும் முன்னே அம்மாவை வாசற்படி தாண்ட வைத்தவள், அதுவும் ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனவள் என்று பேச்சு. போனது உண்மைதான். ஏன் போனேன் என்பதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். ஆளாளுக்குத் தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அப்பா பிறந்தது சுந்தரபாண்டியபுரத்தில். கொஞ்சம் புஞ்சையும் வற்றிய கிணறும்தான் சொத்து. பள்ளிப் படிப்பு முடிந்ததும் தென்காசியில் இருந்த தமையனார், அதாவது எங்கள் பெரியப்பா, தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கடைசிவரை யாரிடமும் கை நீட்டாதவர்கள். இதை எல்லா நினைவு மலர்களிலும் எழுதுகிறார்கள். எங்கள் அப்பா விஷயத்தில் அது நிஜம் என்பதற்கு நாங்கள் மூவரும் தீபாவளிக்கு எடுத்த துணியையே பொங்கலுக்கும் போட்டுக்கொண்டதுதான் சாட்சி.

பெரியப்பா வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். ஒரே நீளமான வீடு. முன்கட்டில் ஒருவர் தும்மினால் பின்கட்டிலிருந்து "நூறு" என்று குரல் வரும். பெரியப்பா, பெரியம்மை, அவர்கள் பிள்ளைகள், வாழாமல் வந்த அத்தை, நாங்கள் என்று பத்துப் பதினைந்து பேர். முன்கட்டு ஆண்களுக்கு, பின்கட்டு பெண்களுக்கு. கணவனுடைய தமையனார் காது கேட்கப் பெண்பிள்ளை தன் கணவனிடம் பேசுவது அந்த வீட்டில் மரியாதை இல்லை. பெரியப்பாவின் காதுக்கு எட்டாத இடமே வீட்டில் கிடையாது. ஆகவே அம்மா அப்பாவிடம் பேசவே மாட்டார்கள். "அப்பாட்ட சொல்லு, வெந்நி காஞ்சிட்டு" என்று எங்களிடம் சொல்வார்கள். அப்பா நான்கடி தூரத்தில் துண்டோடு நிற்பார்கள். நாங்கள் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் நகர்வார்கள்.

அப்பாவும் அம்மாவும் ஓட்டலுக்குப் போகும் வழக்கம் தொடங்கியது ஒரு ஆடி மாதச் சாரலில். நான் அப்போது ஹைஸ்கூலில் படித்தேன். இருவரும் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மழை வலுத்தது. தேரடி ஓட்டலில் ஒதுங்கினார்கள். உள்ளே, பச்சைத் திரை போட்ட பேமிலி ரூம். வெறுமனே உட்கார முடியாதே என்று அப்பா ரவா தோசை கேட்டிருக்கிறார்கள். "நேரம் ஆகும் சார், பரவால்லையா?" என்று சர்வர் கேட்க, "ஆகட்டும்" என்றார்களாம். தோசை வரும்வரை பேசியிருக்கிறார்கள். பிற்பாடு அம்மா என்னிடம் சொன்னார்கள்: "கல்யாணம் ஆயி அத்தனை வருசத்துல அன்னைக்குத்தாம்ட்டி அவுக குரலை முழுசாக் கேட்டேன்."

அன்று முதல் அப்பாவுக்கு ரவா தோசைப் பைத்தியம் பிடித்துவிட்டதாக ஊர் முடிவு செய்தது. வீட்டில் அத்தை, "மகாராணிக்கு வீட்டுச் சோறு எறங்கலையாக்கும்" என்று அம்மாவை இடித்துக் காட்டுவார்கள். பெரியப்பா வேண்டுமென்றே தொண்டையைச் செருமுவார்கள். அப்பாவும் அம்மாவும் பதில் பேசியதில்லை, போவதை நிறுத்தியதும் இல்லை.

போகப் போக அதில் ஒரு முறை வந்தது. பள்ளிக்கூடத்து விஷயம், யாருக்கு என்ன சீர் செய்வது என்பது மாதிரியான சில்லறைக் காரியங்களுக்குத் தேரடி ஓட்டல். அதற்கு மேல் உள்ளவற்றுக்கு ரயிலடி ஓட்டல். அங்கே காப்பி சுமார், ஆனால் கூட்டம் இல்லை. தலைபோகிற காரியம் என்றால் டவுன் பஸ் ஏறிக் குற்றாலம். அருவிக்குப் போகும் வழியில் மாடிப்படி ஏறிப்போகிற ஒரு பழைய ஓட்டல். சீசன் இல்லாத மாதங்களில் அங்கே ஈயைத் தவிர ஆள் இருக்காது. எங்கே போனாலும் சொல்வது ரவா தோசைதான். மற்றதெல்லாம் சொன்ன மறுநிமிஷம் இலையில் வந்து விழுந்துவிடும். அவர்களுக்கு வேண்டியிருந்தது தோசை இல்லை, அது வெந்து வருகிற நேரம்.

எனக்குப் பதினேழு வயதில் பெரியப்பா அம்பாசமுத்திரத்தில் ஒரு வரன் பார்த்து நாள் குறிக்கும்வரை வந்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, "ஏட்டி, நீயும் கெளம்பு" என்றார்கள். குற்றாலம்.

"ரவாதான சார்? நேரம் ஆகும்" என்றார் சர்வர். ஒல்லியான மனிதர். அப்பா பெரியப்பாவைக் கூப்பிடுவதுபோல அவரையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

"ஆகட்டும் அண்ணாச்சி."

அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மா தொடங்கினார்கள். "இங்க பாருங்க. நல்ல எடந்தான், நான் இல்லங்கலை. ஆனா இவ டீச்சர் டிரெயினிங் முடிக்கட்டும். நாளைக்கு ஒரு கஷ்டம்னா இவ யார் வாசல்லயும் போயி நிக்கக் கூடாது."

"அண்ணாச்சி கோவப்படுவாகளே" என்றார்கள் அப்பா, பெரியப்பாவை நினைத்து.

"படட்டும். அவுக கோவம் ரெண்டு நாளு இருக்கும். இவ சம்பளம் மாசாமாசம் வரும்லா."

அப்பா சிரித்துவிட்டார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு அம்மாவைப் பார்த்தேன். வீட்டில் நான் பார்த்த அம்மா வேறு யாரோ. தோசை வருவதற்குள் என் வாழ்க்கை முடிவாகிவிட்டது. திரும்பி வரும் பஸ் தென்காசிக்குள் நுழைந்ததும் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அதோடு பேச்சும் நின்றது.

மறுநாள் அப்பா பெரியப்பா முன் நின்றுகொண்டு, "பிள்ளை படிக்கட்டும் அண்ணாச்சி" என்றார்கள். "ஓட்டல்ல வச்சு முடிவு பண்ணுத குடும்பம் வெளங்குமாலே?" என்று பெரியப்பா சத்தம் போட்டது தெருமுனைவரை கேட்டது. நான் இன்று நிற்கிற நிலைமைக்கு அந்த ஓட்டலும் ஒரு காரணம். விளங்கினேனா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

எண்பதுகளில் எல்லாம் மாறியது. பெரியப்பா காலமானார்கள். அவர்கள் பிள்ளைகள் வெளியூர் போனார்கள். பெரியம்மையும் அவர்களோடு போய்விட்டார்கள். பாகம் பிரித்ததில் அந்த வீடு எங்கள் அப்பாவுக்கு வந்தது. அத்தை பக்கத்துத் தெருவில் தனியாகக் குடியேறினார்கள். பெரிய தம்பி பம்பாய், சின்னத் தம்பி மெட்ராஸ், நான் கல்யாணமாகிப் பாவூர்சத்திரம். அந்த நீள வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டுமே. இனியாவது வீட்டிலேயே பேசிக்கொள்வார்கள் என்று நினைத்தோம்.

ஒருநாள் நான் சொல்லாமல் போய் வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே அம்மா சுவரைப் பார்த்துச் சொல்கிறார்கள்: "வெந்நி காஞ்சிட்டு." அப்பா துண்டை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். கேட்க ஆளே இல்லாத வீடு. பழக்கம் விடவில்லை. அந்தச் சனிக்கிழமையும் இருவரும் குற்றாலம் போயிருக்கிறார்கள்.

பிறகு அப்பாவுக்கு வயிற்றில் நோவு கண்டது. திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி, ஆபரேஷன், இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்ற பேச்சு. அந்த மாதங்களைப் பற்றி விரிவாக எழுத எனக்கு மனசு இல்லை. வீடு மறுபடியும் ஆட்களால் நிறைந்தது. கட்டிலைச் சுற்றி எப்போதும் யாராவது இருந்தோம். நாங்கள் பக்கத்தில் இருந்ததாலேயே அவர்கள் இருவரும் பேச முடியாமல் போனது. அம்மா கஞ்சி டம்ளரோடு நிற்பார்கள், அப்பா பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

ஒரு காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார்கள். "ஏட்டி, ஒரு காரு பேசு. அம்மையைக் கூட்டிட்டு குத்தாலம் போயிட்டு வந்துருதேன்."

தம்பிகள் வேண்டாம் என்றார்கள். டாக்டரும் முகத்தைச் சுளித்தார். நான் காரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஓட்டல் வாசலில் அப்பாவால் இறங்க முடியவில்லை. சர்வர் அண்ணாச்சி கீழே வந்து பார்த்தார். "ரவா போடச் சொல்லட்டா சார்?" என்றார். அப்பா தலையை ஆட்டினார்கள். நானும் டிரைவரும் எதிரே இருந்த டீக்கடையில் போய் நின்றுகொண்டோம். கார்க் கண்ணாடி வழியாக அம்மாவின் கை அசைவது மட்டும் தெரிந்தது. அந்தத் தோசையை இருவருமே தொடவில்லை. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. அந்த மாதமே அப்பா போய்விட்டார்கள்.

பதினாறாம் நாள் படையலில் அத்தை ரவா தோசை சுட்டு அடுக்கினார்கள். "அவனுக்கு இதுன்னா உசுருல்லா" என்று அழுதார்கள். அம்மா அந்த இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "கல்நெஞ்சுக்காரி" என்று பின்கட்டில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. யார் என்று எனக்குத் தெரியும், எழுதவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவை என்ன செய்வது என்ற கேள்வி. தம்பிகளைக் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் இரு, என்னிடம் இரு என்று இருவருமே கூப்பிட்டார்கள். ஆறு மாதம் பம்பாய், ஆறு மாதம் மெட்ராஸ், வீட்டை விற்றுவிடுவது என்று பேசி முடித்தார்கள். "யம்மா, நீங்க என்ன சொல்லுதிய?" என்று முன்கட்டில் வைத்து எத்தனையோ தடவை கேட்டார்கள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மௌனம் சம்மதம்லா, வேற என்ன?" என்றார்கள் அத்தை. எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை. அந்த வீட்டில் அம்மாவின் மௌனத்துக்குச் சம்மதம் என்று ஒருநாளும் பொருள் இருந்ததில்லை. இது ஓட்டல் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

போன மாதம் தம்பிகள் வந்திருந்தார்கள். வீட்டுக்கு மறுநாள் முன்பணம் வாங்குவதாக ஏற்பாடு. நான் காரைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன். "யம்மா, குத்தாலம் போவமா?" என்றேன். அம்மா எழுந்து முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வந்தார்கள். "வருசம் கழியலையே, ஏட்டி!" என்று அத்தை கத்தியதைத் தெருவே கேட்டது. தம்பிகள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள்.

சர்வர் அண்ணாச்சிக்குத் தலை நரைத்திருந்தது. அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தார். துக்கம் விசாரிக்கவில்லை. மேஜையை ஒருமுறைக்கு இருமுறை துடைத்தார். "ரவாதானம்மா? நேரம் ஆகும்" என்றார்.

"ஆகட்டும் அண்ணாச்சி" என்றார்கள் அம்மா. அவர் போனதும் தம்பிகளைப் பார்த்து, "இப்பம் கேளுங்கலே" என்றார்கள்.

"என்னத்தம்மா?" என்றான் பெரியவன்.

"வீட்ல வச்சுக் கேட்டியள்லா, அதை இங்கன கேளுங்க."

அவன் தம்பியைப் பார்த்தான். அம்மாவே சொன்னார்கள். "நான் பம்பாய்க்கும் வரலை, மெட்ராசுக்கும் வரலை. லீவுக்கு நீங்க பிள்ளையளைக் கூட்டிட்டு இங்க வாங்க. வீட்டை விக்கக் கூடாது. முன்கட்டை வாடகைக்கு விடணும், பின்கட்டுல நான் இருப்பேன். முடியாமப் போனா பாவூர்சத்திரத்துல இவ இருக்கா. இது நானும் அப்பாவும் பேசி முடிச்சது."

"எப்பம்மா பேசினிய?"

"கார்ல வச்சு. அவுகளுக்கு எறங்க முடியலைல்லா, அன்னைக்கு."

சின்னவன் கேட்டான். "அப்பம் இத்தனை மாசமா ஏம்மா சொல்லலை? நாங்க கேட்டுக்கிட்டேதான இருந்தோம்?"

அம்மா அவனை ஒரு அறியாப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். "வீட்ல வச்சு எப்பிடிலே பேசுதது?"

தோசை வந்தது. அம்மா ஓரத்தைப் பிட்டார்கள். பிட்டதை அப்படியே வைத்துக்கொண்டு அழுதார்கள். அந்த ஆண்டில் அம்மா அழுது நாங்கள் பார்த்தது அப்போதுதான். நாங்கள் மூவரும் சேர்ந்து அழுதோம். சர்வர் அண்ணாச்சி திரையை இழுத்து மூடிவிட்டுப் போனார். கிளம்பும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திவசத்துக்கு ரவா தோசை சுட வேண்டாம்னு அத்தைட்ட சொல்லிரு. மொளகு கடிபட்டாலே மூஞ்சியைச் சுளிப்பாக. அவுகளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது" என்றார்கள்.

மறுநாள் முன்பணம் வாங்கவில்லை. பெரிய தம்பிக்கு இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இருந்தாலும் இந்த மலரை அச்சடிக்கும் செலவை அவனே ஏற்றுக்கொண்டான்.

அப்பாவின் நோய்க்காலத்தில் நேரம் காலம் பாராமல் வந்து பார்த்த டாக்டருக்கும், மருந்துக்கு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், தாலுகா ஆபீஸ் நண்பர்களுக்கும், காரை மெதுவாக ஓட்டிய டிரைவருக்கும், குற்றாலத்து அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னைத் திட்டினாலும் எல்லாச் சடங்குக்கும் முதல் ஆளாக வந்து நின்ற அத்தைக்கும் நன்றி. திவசத்தன்று இலையில் பருப்பும் காயும் சேர்த்து வைக்கும் புளியில்லாக் கறி இருக்கும். அதுதான் அப்பாவுக்குப் பிடித்தது. அம்மாவே வைக்கிறார்கள்.

உறவினர்களிடம் கேட்டுக்கொள்ள ஒன்று மிச்சம் இருக்கிறது. அம்மாவிடம் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால், வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று நீங்களாக ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பஸ் ஏற்றிக் குற்றாலத்துக்கு அழைத்துப் போங்கள். ரவா தோசை சொல்லுங்கள். நேரம் ஆகும் என்பார்கள். ஆகட்டும் என்று சொல்லுங்கள்.