காயாத கீறல்

கண்ணாடி வெட்டுகிறவர் கையில் கீறல் விழுவது மற்றவர்களுக்கு வேர்ப்பதைப் போல. காலையில் விழுந்த கீறல் சாயங்காலம் காய்ந்திருக்கும். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு பிளாஸ்திரிகூட வாங்கியதில்லை என்று கண்ணாடிக்காரர் பீற்றிக்கொள்வார். யாரும் கேட்க வேண்டியதில்லை, தானாகவே சொல்வார்.

அப்படிப்பட்டவரின் இடது கட்டைவிரலில் நக நீளத்துக்கு ஒரு கீறல் மூன்று வாரமாக ஆறவில்லை. சிவந்தது, வீங்கியது, சீழ் வைத்தது. மனிதர் உடனே கண்ணாடி மேல் பழியைப் போட்டார். சரக்கு அனுப்புகிறவரைப் போனில் பிடித்துக் காய்ச்சி எடுத்தார்.

"புதுச் சரக்குல என்னத்தையோ கலக்குறீங்க."

"அண்ணே, அது கண்ணாடி. சாம்பாரா, கலக்குறதுக்கு?"

சரக்கு வாங்குகிற ஆளை மாற்றினார். மேசையை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். கையுறை போட்டு வேலை செய்து இரண்டு கண்ணாடிகளைப் போட்டு உடைத்தார். அடுத்த வாரம் சுட்டுவிரலிலும் சீழ் வைத்தது. சட்டைப்பையில் இருந்த மாத்திரை அட்டை மட்டும் அவர் சந்தேகத்துக்குத் தப்பிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் ஏணியிலிருந்து சறுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்ததும் சில வாரத்துக்கென்று மார்ஃபின் வகை வலி மாத்திரை கொடுத்தார்கள். அந்தச் சில வாரம் முடியவே இல்லை. டாக்டர்கள் மாறினார்கள், சீட்டு மாறவில்லை.

விரலோடு போயிருந்தால் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் கெட்டது. மனைவி போய் ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. மிச்சமிருந்த ஒரே உறவு அக்கா. அவள் ரத்தப் புற்றுநோய் வார்டில் கிடந்தாள். ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அந்த வாரம் வார்டு வாசலில் நர்ஸ் அவருடைய கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள விட முடியாது சார். அவங்க உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்ல."

"தொடவே மாட்டேன்மா. தூரமா நிக்கிறேன்."

"சீழ் வச்சிருக்கு. ஆறின பிறகு வாங்க." பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா சீக்கிரம் ஆத்திக்கிட்டு வாங்க சார்."

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்த டாக்டரம்மா சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னார். அட்டையைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது.

"இது வலியை மட்டும் அடக்கறதில்ல. காயத்துக்கு ஓடி வர்ற வெள்ளை அணுக்களையும் மந்தமாக்கலாம். எல்லாருக்கும் இப்படி ஆகாது, எல்லா மாத்திரையும் ஒண்ணு இல்ல. இதுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா சந்தேகப்படணும். போதாததுக்கு, வலி தெரியாம ஒரு மாசம் சும்மா இருந்துட்டீங்க."

"அப்ப இன்னைக்கே நிறுத்திடுறேன்."

"அந்த வீரமெல்லாம் வேண்டாம். திடீர்னு நிறுத்தினா உடம்பு படாத பாடு படும். கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். இடுப்பு இன்னும் வலிக்குதா?"

அவர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். காலை மாத்திரை இடுப்புக்கு. சாயங்காலம் ஆறு மணி மாத்திரை? கடை ஷட்டரை இறக்கிவிட்டு வந்து, வீட்டுக் கதவைத் திறந்து விளக்கைப் போடுவதற்கு முன் விழுங்குவது அது. அது இடுப்புக்கு இல்லை என்று அவருக்கு ரொம்ப நாளாகவே தெரியும். சொல்லத்தான் ஆளில்லை.

விரலைக் கீறிச் சீழை எடுத்து மருந்து கொடுத்தார்கள். மாத்திரை முழுசு முக்கால் ஆகி, பிறகு பாதி ஆனது. வேர்த்தது, மூக்கு ஒழுகியது, கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இடுப்பு வலித்தது, பயந்த அளவுக்கு இல்லை. ஆறு மணிதான் தாங்க முடியவில்லை. அந்த நேரத்துக்கு அக்காவுக்குப் போன் போட்டார்.

"ஏன்டா வரல?"

"கடையில வேலை ஜாஸ்திக்கா."

"உனக்குப் பொய் சொல்ல சின்ன வயசுலயே வராது," என்றாள். அவள் குரல் ஒவ்வொரு நாளும் இளைத்துக்கொண்டே வந்தது. போனை வைத்துவிட்டு, தான் போய்ப் பார்ப்பதற்குள் அவள் போய்விடுவாளோ என்று விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

ஏழாவது ஞாயிறு. நர்ஸ் இரண்டு விரலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காயம் காய்ந்து தழும்பாகியிருந்தது. முகக்கவசம், அங்கி, கையுறை கொடுத்து, "அரை மணி நேரம்" என்றாள்.

அக்கா தலையில் முடியில்லை. கட்டிலில் பாதி இடம் காலியாக இருந்தது, அவ்வளவு சின்னதாகிவிட்டாள்.

"இடுப்பு வலிக்குதாடா?"

இரண்டு வருடமாக இந்தக் கேள்விக்கு ஒன்றுமில்லை என்றே சொல்லிப் பழகியிருந்தார்.

"வலிக்குதுக்கா. இடுப்பு கொஞ்சம். தனியா இருக்கறதுதான் ரொம்ப."

அக்கா கையசைத்து அவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"எனக்கும்டா," என்றாள். "வர்றவங்க எல்லார்கிட்டயும் நல்லா இருக்கேன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."

கையுறைக்கு மேலேயே அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். நேரமாகிவிட்டது என்று நர்ஸ் இரண்டு முறை வந்து சொன்ன பிறகும் விடவில்லை.