விபூதி போட்டுத் துலக்கிய காசு

என் மகள் சேர்த்த வெளிநாட்டுக் காசுகளில் பெரியது, வியட்நாம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலத்து இந்தோசீனா வெள்ளிக்காசு. கப்பலில் சமையல் வேலை பார்த்த என் தம்பி வியட்நாமில், ஒரு துறைமுகத் தெருவில் வாங்கி வந்து அவளுக்குக் கொடுத்தது. அதில் கதிர் விரிந்த கிரீடத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். வந்தபோது காசு முழுக்கக் கருத்திருந்தது.

2004 டிசம்பரில் கடலூரில் கடல் உள்ளே வந்தபோது எங்கள் வீட்டிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. மாடிக்கு இழுத்துக்கொண்டு ஓடியதில் என் நகங்கள் அவள் தோளில் பதிந்திருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு வாரம் நான் கழுவிக்கொண்டே இருந்தேன். கடல் தொட்ட ஒன்றும் அப்படியே இருக்கக் கூடாது. பித்தளைக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி. சேறு புகுந்த காசு டப்பாவையும் விடவில்லை. வெள்ளிக்காசை விபூதி தொட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து நீட்டியதும், "கண்ணாடி மாதிரி இருக்கும்மா" என்று அவள் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

ஒன்பதாவது முடித்த விடுமுறையில் அவள் பிரவுசிங் சென்டர் போய், அந்தக் காசைப் பற்றி இரண்டு தாள் பிரின்ட் எடுத்து வந்தாள். முதல் தாளில் ஆண்டு, எடை, நல்ல நிலையில் இருந்தால் என்ன விலை என்றெல்லாம் இருந்தது. அவள் குளிக்கப் போனபோது இரண்டாவது தாளைப் படித்தேன். பழைய காசைத் துலக்கவே கூடாது, துலக்கினால் சேகரிப்பவர்கள் மதிக்க மாட்டார்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்தத் தாளை நான்காக மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

சிதம்பரம் தெற்கு வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் காசுகளைப் பார்த்து மதிப்புச் சொல்வார் என்று கேள்விப்பட்டிருந்தாள். "நான் தனியா போறேம்மா, ஒரு மணி நேர பஸ்ஸுதானே" என்றாள். நான் விடவில்லை. பஸ்ஸில் அவள் காசைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். புதுச்சத்திரத்தில் வண்டி நின்றபோது அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிட நினைத்தேன். வெள்ளரிப்பிஞ்சு விற்பவர் ஏறினார். வெள்ளரிப்பிஞ்சு வாங்கினேன்.

கடைக்காரருக்கு முப்பது வயதுதான் இருக்கும். காசைக் கையில் வாங்காமல் ஒரு துணியை விரித்து, "ஓரத்தைப் புடிச்சு வையிமா" என்றார். காந்தத்தைக் காட்டினார், ஒட்டவில்லை. நகைக்கடைத் தராசில் வைத்தார்.

"வியட்நாமு காசுன்னா முக்காவாசி டூப்ளிகேட்டுதான் வரும். இது எடை சரியா இருக்கு. ஓரத்துப் பல்லும் ஒழுங்கா இருக்கு. அசல்தான்."

மகள் என் கையை அழுத்தினாள். அவர் லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக் காசை வெளிச்சத்தில் சாய்த்தார். சாய்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரு தேய்ச்சது?"

"நான்தான்" என்றேன். "தெரியாம செஞ்சிட்டேன். கடல் வந்தப்போ சேறா இருந்தது."

"விபூதியா அக்கா?"

தலையசைத்தேன். அவர் சிரித்துவிட்டார். "இந்த ஊர்ல எங்கிட்ட வர்ற வெள்ளிக்காசுல பாதி விபூதி போட்டதுதான். காசுக்குக்கூட நம்மாளுங்க பட்டை போட்டுதான் அனுப்புறாங்க." லென்ஸை என்னிடம் நீட்டினார். அந்தப் பெண்ணின் முகத்திலும் கையிலும் மயிரிழை மாதிரி கீறல்கள், வட்ட வட்டமாக. என் விரல் போன வழி அப்படியே இருந்தது. "கறுப்பா இருந்திருந்தா ஜாஸ்தி போயிருக்கும். இப்போ வெள்ளி வெலைக்கு மேல கொஞ்சம் கெடைக்கும், அவ்ளோதான்."

கைப்பையைத் திறந்து, மடித்த தாளை எடுத்து மகளிடம் கொடுத்தேன். "இதையும் நான்தான் எடுத்து வெச்சேன்."

அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "நான் சென்டர்லயே படிச்சிட்டேம்மா."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ ஒரு வாரம் தூங்க மாட்ட. அசலா போலியான்னு தெரிஞ்சா போதும்னுதான் வந்தேன். மாமாவ ஏமாத்திட்டாங்களோன்னு எனக்கு பயம்."

"உங்க அம்மா முகத்தப் பாத்தா ஏதோ கொலை பண்ணிட்ட மாதிரி இருக்குதே" என்று கடைக்காரர் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். நான்கு வருடமாக இவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். எந்த நாளிலிருந்து இவள் என்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

காசை ஒரு சிறிய அட்டை உறையில் போட்டு, நாடு, ஆண்டு, எடை எழுதினார். நிலை என்ற இடத்தில் 'துலக்கியது' என்று எழுதினார். மகள் பேனாவை வாங்கி அதன் கீழே, 'அம்மா, கடல் வந்த வாரம்' என்று சேர்த்தாள்.

அடுத்த மாதம் அவள் மற்ற காசுகளோடு சிதம்பரத்துக்குத் தனியாகப் போனாள். நான் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய், வண்டி முனை திரும்பி மறையும்வரை நின்றேன், அவ்வளவுதான். இப்போதெல்லாம் வியாழக்கிழமையே காசு டப்பா பீரோவின் மேலே ஏறிவிடுகிறது.

"அங்க ஏன் வெச்ச?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. நீ வெளக்கு தேய்ப்பியே."