மெத்தைக் கடை மாடியில் நாங்கள் நாலு பேர்

உக்கடத்தில் ஒரு மெத்தைக் கடையின் மாடியில்தான் நாங்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கீழே இலவம்பஞ்சு அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே, தைத்து முடிக்காத மெத்தைகளை அடுக்கிவைத்த ஒரு நீள அறை. ஆளுக்கொரு மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வோம். திரும்பும்போது தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், "ஏனுங்க அம்மணி, மில்லு வேலைங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என் வேலையை விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

அன்னூரில் காது கேளாத பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தேன். மெத்தைக் கடை, நாங்கள் பாய் என்று கூப்பிட்டவரின் குடும்பத்துடையது. அவர் பாதி நேரம் கடையைப் பார்த்துக்கொண்டு, மீதி நேரம் பக்கத்துத் தெருவில் பெண்களுக்கான தையல் வகுப்பையும் பிள்ளைகளுக்கான மாலைப் பள்ளியையும் நடத்தினார். மூன்றாமவர் காரமடைக்காரர். குடியில் விழுந்து எழுந்தவர். எழுந்த கையோடு, குடியை விட நினைப்பவர்களுக்கென்று தன் தோட்டத்துச் சாலை வீட்டில் ஒரு மையம் தொடங்கியவர். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நாலாவது ஆள், ஆனைமலை அக்கா. பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு, படிப்பை நிறுத்திக் கயிறு திரிக்கப் போன பெண் பிள்ளைகளுக்காக ஒரு ஹோம் நடத்தினார். தன் அண்ணன்மார் கொடுத்த தென்னந்தோப்பு வீட்டில் பிள்ளைகளோடு அவரும் தங்கியிருந்தார்.

எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு பயிற்சி முகாம். தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களுக்கென்று கோயமுத்தூரில் நடந்தது. மெட்ராஸிலிருந்து வந்தவர் திரையில் படம் போட்டுத் திட்டமிடுதல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. வராந்தாவில் டீ கொடுத்தார்கள். பக்கத்தில் நின்றவர்களிடம் ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. "காலைல எந்திரிச்சா பள்ளிக்கூடத்துக்குப் போகக் காலே வர மாட்டேங்குதுங்க" என்றேன்.

பாய் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சர், எனக்கு மட்டும்தான் அப்படின்னு நினைச்சிட்டிருந்தேன்."

கரண்ட் வந்து எல்லோரும் உள்ளே போன பிறகும் நாங்கள் நாலு பேரும் வராந்தாவிலேயே நின்றோம்.

மாடியில் ஒரே ஒரு ஏற்பாடுதான். அது காரமடை அண்ணா சொன்னது. ஒருத்தர் பேசும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும். "நீங்க இப்படிப் பண்ணியிருக்கலாம்" என்று, கேட்காமல் யாரும் ஆரம்பிக்கக் கூடாது. "நமக்கு நாள் பூராவும் ரெண்டே சாதி சனம். நம்மகிட்ட உதவி கேக்கறவங்க, இல்லீன்னா நமக்குப் புத்தி சொல்றவங்க. இங்கயாவது சும்மா இருக்கலாமுங்க" என்றார். அவருடைய மையத்தில் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பழக்கத்தை எங்களுக்கும் கொண்டுவந்தார்.

அந்த அறையில் பேசியதை வேறெங்கும் பேசியிருக்க முடியாது. ஊர் பார்த்துவிடுமோ என்று பிள்ளையின் காது மெஷினை பீரோவுக்குள் பூட்டிவைக்கிற அப்பாவைப் பற்றிச் சொல்லி நான் அழுதிருக்கிறேன். தையல் வகுப்புக்குப் பெண்களை எதற்கு வெளியே கூப்பிடுகிறாய் என்று தன் வீட்டு விசேஷத்திலேயே சொந்தக்காரர்கள் பிடித்துக்கொண்டதை பாய் நடித்துக் காட்டுவார். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அண்ணாவின் மையத்திலிருந்து நன்றாகி வீட்டுக்குப் போன ஒருவர் திரும்பவும் குடித்துவிட்டு அவர் வாசலிலேயே வந்து விழுந்தாராம். அதைச் சொன்ன அன்றைக்கு அண்ணா எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தே பேசினார்.

பேச்சு முடிந்ததும் சாப்பாடு. அண்ணா மேட்டுப்பாளையத்து வர்க்கி கொண்டுவருவார். பாய் வீட்டிலிருந்து தேங்காய் பன்னும் டீயும் வரும். அக்காவின் தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சாதம். பொள்ளாச்சி வழியாக அத்தனை தூரம் வந்தும் சூடு ஆறாமல் இருக்கும். என்ன துணியில் சுற்றினாரோ.

ஓர் ஆடி மாதம் அக்கா தூக்குப்போசி இல்லாமல் வந்தார். வெளியே சாரல். சேலை நனைந்திருந்தது. அவர் முறை வந்தபோது, "எனக்குப் போதுமுங்க" என்றார்.

"கொஞ்ச நாள் ஓய்வு வேணுங்கறீங்களா?" என்று அண்ணா கேட்டார்.

"இல்லீங்க. ஹோமை நிறுத்திப்போடலாம்னு இருக்கேன்."

பாய் சட்டென்று எழுந்துவிட்டார். எங்கள் ஏற்பாட்டை முதலும் கடைசியுமாக மீறியது அவர்தான். "அதெப்படிங்க? அந்தப் புள்ளைங்க எங்க போகும்? உங்களை நம்பித்தானே பெத்தவங்க அனுப்பினாங்க?"

"இதைத்தான் பாய் நானும் வருசக்கணக்கா என்னையே கேட்டுட்டிருக்கேன்" என்றார் அக்கா. குரல் ஏறவே இல்லை. "ஒரு புள்ளைக்குக் காய்ச்சல். பக்கத்துல உக்காந்து நெத்தியில துணி வெச்சுட்டிருக்கேன். அது என்ற கையைப் பிடிச்சுக்குது. எனக்கு ஒண்ணுமே தோணலீங்க. இது எப்பத் தூங்கும், நான் எப்பப் போயிக் கதவைச் சாத்தறதுன்னுதான் இருந்துச்சு."

நனைந்த முந்தானையை உதறிக்கொண்டே, "அம்மா, அம்மான்னே கூப்பிட்டு எனக்கு என்ற சொந்தப் பேரே மறந்துபோச்சுங்க. பேங்குல பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, யாரையோ கூப்பிடறாங்கன்னு நான்பாட்டுக்கு உக்காந்திருக்கேன்" என்றார்.

பாய் நின்றபடியே இருந்தார். பிறகு கீழே இறங்கிப் போனார். கடையில் யாரையோ சத்தம் போடுவது கேட்டது.

எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமையாக இருந்தது. நான் வாயைத் திறக்கப் பயந்த ஒன்றை அவர் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் பாய் தனியாக பஸ் ஏறி ஆனைமலைக்குப் போயிருக்கிறார். தோப்பு வாசலில் நின்று, "அன்னிக்கு நான் கத்தினது தப்புங்க. நிறுத்தறதுன்னா எப்படி நிறுத்தறதுன்னு பார்க்கலாம்" என்றாராம். அக்கா சொல்லித்தான் எங்களுக்கு இது தெரியும். பாய் வாயே திறக்கவில்லை.

அதன்பிறகு சில மாதங்கள் எங்கள் கூட்டம் ஆனைமலையிலேயே நடந்தது. முழுப் பரீட்சை முடியும்வரை ஹோம் இருக்கும், அதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் இடம் பார்த்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. அண்ணாவும் அக்காவும் பிள்ளைகளின் ஊர்களுக்குப் போய்ப் பெற்றவர்களிடம் பேசினார்கள். திரும்பக் கயிறு திரிக்க அனுப்பமாட்டேன் என்று சொன்ன வீடுகளும் உண்டு, முகம் கொடுக்காத வீடுகளும் உண்டு. வீட்டுக்குப் போக முடியாதவர்களைப் பொள்ளாச்சியில் ஒரு விடுதி சேர்த்துக்கொண்டது. அதற்காக நான் அலைந்தேன். விடுதியைப் பார்த்துக்கொண்ட அம்மையார் என்னோடு படித்தவர்.

பிள்ளைகளிடம் சொன்ன அன்று நானும் இருந்தேன். சாயங்காலம், தென்னைமரங்களுக்கு நடுவே கோரைப்பாய் விரித்து உட்காரவைத்து, அக்கா எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். "என்னால இனி முடியலீங்க சாமி. உங்க மேல ஒரு குத்தமும் இல்லை." அப்புறம் பெரியவளாக இருந்த ஒருத்தி கேட்டாள்: "அப்ப நீங்க எங்க போவீங்கம்மா?"

எங்கள் நாலு பேருக்கும் தோன்றாத கேள்வி. அக்கா அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. ஒரு பிள்ளை எழுந்து உள்ளே போனவள், கடைசி நாள் பெட்டியோடு பஸ் ஏறுகிறவரை அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா பஸ் ஜன்னல் ஓரமாகப் போய் நின்றார். அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் போன பிறகும் அக்கா அங்கேயே நின்றார். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

பாதியில் விட்டுவிட்டாள் என்று ஊர் பேசியது. அக்காவின் அண்ணன்மார் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. அக்கா மெத்தைக் கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். மாடியில் மூன்று பேராக உட்கார்ந்தோம். பேச்சு ஓடவில்லை. ஒருநாள் பாய் கடை போனிலிருந்து அக்காவின் அண்ணன் வீட்டுக்குப் போட்டார். அக்கா பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. பாய் பேசியது கேட்டது.

"அதனால என்னங்க? நாங்க உங்க ஹோமையா கூப்பிடறோம்? உங்களைத்தானே கூப்பிடறோம்."

போனை வைத்துவிட்டு எங்களிடம் சொன்னார்: "எதையும் நடத்தாத ஆளு எந்த மூஞ்சியை வெச்சுட்டு வாரதுன்னு கேக்கறாங்க."

அந்த ஐப்பசியில் அக்கா வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். ஆனால் முகம் தெளிந்திருந்தது. ஆனைமலை பக்கத்திலேயே ஒரு பள்ளியில் மறுபடி டீச்சராகச் சேர்ந்திருந்தார். சாயங்காலம் மணி அடித்தால் வீட்டுக்குப் போய்விடலாம் என்பதை ஏதோ அதிசயம் போலச் சொன்னார். அவர் முறை வந்தபோது, "எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க, கேக்கறேன்" என்றார். அப்புறம் அவர் கேட்ட மாதிரி யாரும் கேட்டதில்லை.

பொங்கலுக்குப் பிறகு, ஓய்ந்துபோவது என் முறை ஆயிற்று. பள்ளியில் எனக்குத் துணையாக இருந்த ஆசிரியை கல்யாணமாகித் திருப்பூர் போனார். இன்னொருவர் சொல்லாமலே நின்றுவிட்டார். எல்லா வகுப்புக்கும் நான் ஒருத்தி. ஒரு காலை, பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன். கதவைத் தட்டினால் எனக்குக் கேட்கும். ஆனால் உள்ளே நான் விம்முவது அவர்களுக்குக் கேட்காது. அதை நினைத்தபோது அழுகை இன்னும் கூடியது.

அக்காவுக்குச் சேதி போயிற்று. லீவு போட்டுவிட்டு, ஒரு பையோடு அன்னூரில் வந்து இறங்கினார். ஒரு யோசனையும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளைத் தன்னிடம் எடுத்துக்கொண்டார். அவருக்குக் கைச்சாடை தெரியாது. பிள்ளைகளே சொல்லிக்கொடுத்தார்கள். தப்பாகச் செய்தால் குதித்துக் குதித்துச் சிரித்தார்கள். ஒரு சாயங்காலம் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

"கண்ணு, நிறுத்தோணும்னா நிறுத்தலாம். நான் நிறுத்திப் பார்த்தேன். வலிக்கும். ஆனா உசுரு போயிறாது."

"நீங்க நிறுத்தச் சொல்றீங்களாக்கா?"

"இல்லை கண்ணு. நீ கட்டிப்போட்டு வெச்ச ஆடு இல்லைன்னு சொல்றேன்."

அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். காலையில் பள்ளிக்கூடத்துக் கதவைத் திறந்தபோது, திறக்காமலும் இருந்திருக்கலாம் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்போடு திறந்தேன். வித்தியாசமாக இருந்தது. அடுத்த ஜூனில் இரண்டு புது ஆசிரியைகள் சேர்ந்தார்கள். அதன்பிறகும் நெடுநாள் நான்தான் அந்தப் பள்ளியை நடத்தினேன். வருடத்துக்கு ஒருமுறையாவது, இந்த வேலை இன்னும் எனக்குப் பிடித்திருக்கிறதா என்று என்னையே உட்காரவைத்துக் கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் ஆமாம் என்றுதான் வந்தது.

கூட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. சண்டை எதுவும் இல்லை. அண்ணாவின் மையம் பெரிதாயிற்று. பாய் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க அலைந்தார். மாதம் ஒருமுறை என்பது விசேஷத்துக்கு விசேஷம் என்றானது.

நாலு பேரும் சேர்ந்து இருந்த கடைசி நாள், கடைசி என்று தெரியாமலே கழிந்தது. காரமடைத் தேர் முடிந்து இரண்டொரு நாளில் அண்ணா எங்களை வீட்டுக்கு அழைத்திருந்தார். வாழை இலை போட்டுச் சாப்பாடு. பாய் மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசினோம், அக்காவின் பள்ளியில் ஹெட்மாஸ்டர் குடைக்குப் பூட்டுப் போட்டு வைப்பதைப் பற்றிப் பேசினோம். எங்கள் வேலையைப் பற்றி ஒருவரும் வாயெடுக்கவில்லை. சாப்பிட்ட களைப்பில், மின்விசிறிக்குக் கீழே, அக்காவும் நானும் ஒரு பக்கச் சுவரோரம், பாயும் அண்ணாவும் எதிர்ச் சுவரோரம் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டோம்.

அண்ணாவின் மனைவி பக்கத்து வீட்டு அம்மாளிடம் பேசுகிற குரல் கேட்டுத்தான் எனக்கு விழிப்பு வந்தது.

"ஊரைத் திருத்தற ஆளுக எல்லாம் வந்திருக்காங்கன்னு சொன்னனல்லோ, வந்து பாருங்க. நாலு பேரும் குறட்டை உட்டுட்டிருக்காங்க."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விழித்துவிட்டேன் என்று காட்டிக்கொள்ள மனம் வராமல், நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.