சிஸ்டரம்மாவின் பழைய எண்

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி போர்ட் பிளேருக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. கணவருக்கு அபர்டீன் பஜாரில் கடை. டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் வாடகை வீடு. மெயின்லேண்டிலிருந்து கப்பல் எப்போது வரும், சரக்கு எப்போது இறங்கும் என்று விசாரிக்க வீட்டில் ஒரு போன் வேண்டுமென்று அவர் எழுதிக் கொடுத்து வெகுநாளாகக் காத்திருந்தார். திடீரென்று ஒருநாள் கிடைத்தது. ஊரில் இருந்ததே கொஞ்சம் லைன்கள்தான். யாராவது திருப்பிக் கொடுத்தால் அதே எண்ணை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

மறுநாளே மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. எடுத்தால், "சிஸ்டர் ஹை?", சிஸ்டர் இருக்கிறாரா என்று யாராவது இந்தியில் கேட்பார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த எண் அதற்குமுன் பிரசவம் பார்க்கும் ஒரு மலையாள நர்ஸம்மாவிடம் இருந்திருக்கிறது. அவர் ஓய்வு பெற்று ஊருக்கே போய்விட்டார். ஆனால் சுற்றியிருந்த குடியிருப்புகளில், பிள்ளைத்தாச்சி இருந்த வீட்டுச் சுவர்களில் எல்லாம் அவர் எண் கரியால் எழுதியபடியே இருந்தது. எனக்கோ இந்தி தெரியாது. ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிடு என்று கணவர் சொல்லிக் கொடுத்திருந்தார். நானும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நாளாக ஆக எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

ஒரு மத்தியானம். விடாத மழை. கணவர் கப்பல் வரும் ஜெட்டிக்குப் போயிருந்தார். மணி அடித்தது. ஒரு ஆண் குரல், இந்தியில் மூச்சுவிடாமல் பேசியது. "ராங் நம்பர்" என்று வைத்தேன். உடனே மறுபடி. மறுபடி வைத்தேன். மூன்றாவது தடவை அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். ரிசீவரைக் கீழே கொண்டுபோகும்போது அதிலிருந்து மெல்லிசாகத் தமிழ் கேட்டது. "கடவுளே, இனி எங்க போவேன்."

அதற்குள் என் கை வைத்துவிட்டது.

இனி அடித்தால் ஒழுங்காகப் பேசலாம் என்று பக்கத்திலேயே நின்றேன். அடிக்கவில்லை. அடுப்பில் குழம்பு இருந்தது, இறக்கி வைத்தேன். வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். உட்கார முடியவில்லை. இப்படியே அரைமணிக்கு மேல் போய்விட்டது. போனை எடுத்து எக்ஸ்சேஞ்சைக் கேட்டால் என்ன என்பதே அதற்கப்புறம்தான் தோன்றியது.

எக்ஸ்சேஞ்சில் லைன் இணைத்துக் கொடுக்கும் ஒரு பெண் இருந்தாள். எனக்குத் தெரிந்த பத்து இந்தி வார்த்தைகளைக் கோத்துக் கேட்டேன், அந்த போன் எங்கிருந்து வந்தது என்று. ஊருக்கு வெளியே இருக்கும் மர டிப்போவிலிருந்து என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஓ ஆத்மி ரோ ரஹா தா" என்றாள். அந்த ஆள் அழுதுகொண்டிருந்தார் என்பது எனக்கே புரிந்தது.

பக்கத்து வீட்டு வங்காளக்காரர் ஜீப் டிரைவர். சாப்பிட வந்திருந்தார். நான் பாதி ஜாடையில் சொன்னதைக் கேட்டதும் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். அவர் மனைவியும் ஏறிக்கொண்டாள். டிப்போவில் விசாரித்து, போன் செய்தவர் குடியிருந்த கொட்டகையைக் கண்டுபிடித்தோம். அவர் மனைவிக்கு முந்தின நாளிலிருந்து வலி. வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. மேடும் பள்ளமுமான அந்தச் சாலையில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன்.

வராந்தாவில் அவள் புருஷன் என் பக்கத்தில் நின்றார். நாங்கள் எப்படி வந்தோம் என்றுகூட அவர் கேட்கவில்லை. தானாகவே பேசினார். "மூணு வாட்டி போன் போட்டேங்க. ஏதோ ஒரு பொம்பளை, காது குடுத்துக்கூடக் கேக்கல. நீங்க யாரோ, வந்தீங்க."

பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"அது நான்தாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாய் பிழைத்தாள். குழந்தை இல்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் காலையில் மணி அடித்தது. அவர்தான். "அவ எந்திரிச்சு நடக்குறா. நேத்து சோறும் தின்னா. சொல்லணும்னு தோணுச்சு" என்றார். நான் ஏதாவது சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அதற்குப்பின் அந்த எண் எங்களிடம் இருந்தவரை, சிஸ்டரைக் கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும் முழுதாகக் கேட்டு, ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். அதற்காகவே இந்தியும் கற்றுக்கொண்டேன். ஆனாலும் அவருக்கு நான் தராமல்போன அந்த அரைமணி நேரத்தை இதில் எதுவும் திருப்பித் தரவில்லை என்பது எனக்குத் தெரியும்.