தெரிஞ்ச நர்சு வரும் வரைக்கும்

வேலூர்ப் பக்கம் குடும்பத்துக்கு ஒருவராவது ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பார். அதனால் அந்தக் குடும்பமே பாதி டாக்டர். எங்கள் வீட்டு டாக்டர் என் மாமியாரின் தம்பி. பில் கவுன்டரில் ரசீது போடுகிறவர். தலைவலி முதல் கான்சர் வரை போனிலேயே தீர்த்துவைப்பார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். வயிற்றில் ஆறு மாதம். ஒரு சனிக்கிழமை குளிர் காய்ச்சல், அடிவயிற்றில் வலி, கீழே தண்ணீர்போலக் கசிவு. அதில் ஒரு கெட்ட வாடை. தோல் வாடையிலேயே பிழைக்கிற எனக்கே குமட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மாமியார் தன் தம்பிக்குப் போன் போட்டார்.

"சூடு ஜாஸ்தியாயிருக்கும்கா, மோர் குடு. இப்ப வந்தா க்யூல நின்னு பேஜாராப் போய்டும். திங்கக்கிழம நமக்குத் தெரிஞ்ச நர்சு டூட்டிக்கு வர்றாங்க. சொல்லி வைக்கிறேன், நேரா உள்ள போய்டலாம்."

க்யூவில் நிற்பது எங்கள் குடும்பத்துக்கு மானப் பிரச்சினை. என் வீட்டுக்காரரோ, அம்மா சொன்னால் ஆட்டுவதற்கென்றே தலை வைத்திருப்பவர். நான் மோர் குடித்துக்கொண்டு கிடந்தேன். ஞாயிறு சாயங்காலம் குழந்தையின் அசைவு நின்றுபோனது.

திங்கட்கிழமை நேராகத்தான் உள்ளே போனோம். பெண் குழந்தை. அழவில்லை.

பனிக்குடத்தில் கசிவு ஏற்பட்டு, நஞ்சுக்கொடி வரை பாக்டீரியா தொற்றிவிட்டது என்று டாக்டரம்மா விளக்கினார். "பொழச்சிருக்கும்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா கசிஞ்ச அன்னிக்கே வந்திருக்கணும். பிரசவ வார்டுல க்யூவே கிடையாதே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை ஆரம்பமானது. பப்பாளி தின்றேனா? கிரகணத்தில் வெளியே போனேனா? கம்பெனியில் பசை வாடையை மோந்தேனா? டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "அவங்க ஆயிரம் சொல்வாங்க" என்றார் மாமியார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

அந்த வாரமே மாமியாரின் தம்பி ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு என் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"நான் ஒரு வார்த்த சொன்னதாலதாம்மா ஒடனே பெட்டு கெடச்சிது. இல்லன்னா க்யூல நிக்க வச்சிருப்பானுங்க. அடுத்த தடவயும் மொதல்ல எனக்குப் போன் பண்ணு, இன்னா?"

"எம் பொண்ணும் க்யூல நிக்காமதான் போய்ட்டா, மாமா" என்றேன்.