எனக்குச் சொல்லாத கலியாணம்

திருகோணமலைக்கு நான் விருப்பத்தோடு வரவில்லை. வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன காலம் அது. துறைமுகத்துப் பக்கம் இருந்த ஒரு கந்தோருக்கு என் கணவருக்கு மாற்றம் கிடைத்தது. இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று, பிறகு யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிவந்தார். வாடகை வீட்டு வளவில் கீரை போட்டேன், மிளகாய் வைத்தேன். தென்னம்பிள்ளை வைக்கவில்லை. அது காய்க்கும்போது இங்கே யார் இருக்கப்போகிறார்கள்? போட்ட கீரையையும் கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மான்கள் தின்றுவிட்டுப் போயின. மான் வந்து கீரை தின்னும் ஊரில் மனுசர் குடியிருக்கலாமா என்று அவரோடு சண்டை பிடித்தேன். மான் நல்ல சாது என்று அவர் சொன்னது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

பக்கத்து வீட்டில் இந்த ஊர்க்காரி ஒருத்தி இருந்தார். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். அவருடைய கணவர் துறைமுகத்தில் லொறி ஓட்டினார். நான் வந்தபோது எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே கிடுகு வேலி முழுசாக இருந்தது. கொஞ்ச நாளில் அதில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்குப் பொட்டு விழுந்தது. யார் வெட்டியது என்று இரண்டு வீட்டிலும் ஒருத்தரும் கேட்கவில்லை. என் இரண்டாவது பிள்ளை இங்கேதான் பிறந்தது. அம்மாவுக்கு நோய் வருத்தம், வர முடியவில்லை. அந்தப் பொட்டு வழியாகத்தான் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குக்கறி எனக்கு வந்தது. அக்காவின் கறியில் உறைப்புக் கூட என்று நான் குறை சொன்னேன். அவர் அடுத்த நாளும் அதே உறைப்போடு கொண்டுவந்தார்.

இரண்டு வருடம் எட்டாய்ப் போனது. அப்போதுதான் என் கணவர் ஒரு செய்தியோடு கந்தோரால் வந்தார். யாழ்ப்பாணத்தில் அதே உத்தியோகத்தில் இருந்த ஒருவருக்குச் சொந்த ஊர் திருகோணமலையாம். இரண்டு பேரும் இடம் மாறிக்கொள்ளச் சம்மதமென்றால் மேலிடமும் விடுமாம். வருகிற திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதே வாரத்தில்தான் வீட்டுக்காரரும் இந்த வளவை விற்கப்போவதாகவும், எங்களுக்கென்றால் முதலில் தருவதாகவும் சொல்லியிருந்தார்.

"நீர் சொல்லும். போறதெண்டால் போவம், இருக்கிறதெண்டால் இருப்பம்" என்றார் கணவர்.

எட்டு வருடமாக நான் கேட்டது இதைத்தானே. உடனே ஓம் சொல்லியிருக்க வேண்டும். யோசிப்பம் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போயிருக்கிறது என்று. அது எப்போது நடந்தது என்று தெரியாமல் எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

அந்த நேரம் பார்த்து அக்காவின் மகளுடைய கலியாணமும் நெருங்கிவிட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குச் சொல்லுவது பெரிய காரியம். தட்டத்தில் வெற்றிலை, சந்தனம், குங்குமம் வைத்து, புருசனும் பெண்சாதியுமாக வீடு வீடாகப் போவார்கள். உள்ளே வந்து இருந்து, பொட்டு வைத்து, இன்ன நாள், குடும்பத்தோடு வரவேணும் என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாத கலியாணத்துக்கு யாரும் போகமாட்டார்கள். கூடப்பிறந்தவர்களே இதற்காகக் கதைக்காமல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவும் கணவரும் தட்டத்தோடு இறங்கிய அன்று நான் முன்னறையைக் கூட்டி, கதிரைகளைத் துடைத்து, நல்ல சீலை ஒன்று உடுத்துக்கொண்டு இருந்தேன். முன்வீட்டு வாத்தியார் வீட்டுக்குப் போனார்கள். மூலைக் கடை முதலாளி, கிண்ணியாவிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் மனிதர், அவர் வீட்டுக்கும் போனார்கள். ஒழுங்கை முழுக்கப் போனார்கள். என் வாசல் படலையை மட்டும் கடந்து போனார்கள். திரும்பி வரும்போதும் கடந்துதான் போனார்கள். போகிற போக்கில் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்து, வெயில் என்று கையைக் காட்டினார்.

அடுத்த நாள் நான் கிணற்றடியில் நின்றபோது அக்காவின் மகன் என் குசினிக்குள் போய்ப் பெரிய தாச்சியைத் தூக்கிக்கொண்டு வேலிப் பொட்டால் போனான். பலகாரம் சுடுவதற்கு. கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

"மறந்திருப்பினம். கலியாண வீடு, ஆயிரம் யோசனை இருக்கும்" என்றார் என் கணவர்.

"தாச்சியை மறக்கேல்லையே" என்றேன்.

அடுத்த இரண்டு நாளும் நான் வேலிப்பக்கம் போகவில்லை. எட்டு வருடம் என்ன, எண்பது வருடம் இருந்தாலும் வந்தவர் வந்தவர்தான் என்று எனக்குள் திரும்பத் திரும்பச் சொன்னேன். இரவு கணவரிடம் சொல்லிவிட்டேன்: "யாழ்ப்பாணத்தில நிக்கிற அந்தாளுக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ. போவம்." அவர் எழும்பி வளவுக்குள் போய் நின்றுவிட்டு வந்தார். இந்த வளவை வாங்க அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும்.

கலியாணப் பந்தலுக்குக் கன்னிக்கால் ஊன்றுகிற நாள் வந்தது. அன்றுதான் முளைப்பாலிகையும் போடுவார்கள். மண்ணும் எருவும் நிரப்பிய சட்டிகளில் ஊறவைத்த நவதானியத்தை வீட்டுப் பெண்கள் மூன்று பேர் விதைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். காலையிலிருந்து அங்கே சத்தமும் சிரிப்புமாகக் கேட்டது. நான் குசினி யன்னலைச் சாத்திவிட்டு, தேவையில்லாமல் உழுந்து அரைத்துக்கொண்டிருந்தேன்.

பின் கதவால் அக்கா வந்தார். வேர்த்து ஒழுகியது. கையில் தட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, இன்னும் சீலை மாத்தேல்லையோ? நல்ல நேரம் முடியப்போகுது. ஐயர் கத்துறார்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றேன்.

அக்காவுக்கு விளங்கவில்லை. பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்கு ஆர் சொல்லுறது? என்ர மனுசனுக்கும்தான் நான் சொல்லேல்லை. அந்தாள் விடியவிருந்து வாழை கட்டிக்கொண்டு நிக்குது. சட்டி மூண்டு வச்சிருக்கு. ஒண்டு இவற்ர தங்கச்சிக்கு, ஒண்டு வெருகலால வந்த என்ர மச்சாளுக்கு. மற்றது ஆருக்கெண்டு நினைச்சீங்கள்?"

நான் உழுந்துக் கையோடு இருந்து அழுதேன். அக்கா என் கையைப் பிடித்துக் கழுவிவிட்டார். அலுமாரியைத் திறந்து சீலையையும் அவரே எடுத்தார். அதுகூட எனக்குப் பிடிக்காத நிறம். உடுத்துக்கொண்டு வேலிப் பொட்டால் குனிந்து போனேன்.

முளைப்பாலிகை போட்டுவிட்டு எழும்பினதும் என்னை யாரும் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. தேங்காய் துருவச் சொன்னார்கள். மூதூரிலிருந்து லோஞ்ச் படகில் வந்த தயிர்ச் சட்டிகளை இறக்கி வைக்கச் சொன்னார்கள். அரியதரப் பலகாரத்துக்குப் பாகு பதம் தவறியதற்கு அக்கா என்னைத்தான் ஏசினார். கலியாணம் முடியும்வரை நான் வீட்டில் சமைக்கவில்லை. திங்கட்கிழமை கந்தோருக்கு வெளிக்கிடும்போது கணவர் வேலிக்கு வந்து, அக்கா வீட்டு அடுப்படியில் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"அப்ப என்ன சொல்லுறது?"

"ஏலாதெண்டு சொல்லுங்கோ" என்றேன். அவர் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு போனதாக முன்வீட்டு வாத்தியார் பிறகு சொன்னார்.

அந்த வளவு எங்களுடையதாகி, மூத்த மகள் பெரிய வகுப்புக்குப் போன பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து என் அண்ணரும் அண்ணியும் ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அண்ணரின் மகளுக்குக் கலியாணம். முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, பையிலிருந்து தட்டத்தை எடுத்தார்கள். வெற்றிலை, சந்தனம், குங்குமம். அண்ணி எனக்குப் பொட்டு வைத்தார். அண்ணர் நாளைச் சொல்லி, "குடும்பத்தோட வரவேணும்" என்றார். முறையாகச் சொன்னார். ஒரு குறையும் இல்லை. இவ்வளவு தூரம் வந்து சொன்ன மரியாதையை என் கணவர் ஒரு கிழமை புகழ்ந்தார். எனக்குத் தட்டமில்லாமல் வந்து நின்ற அக்காதான் நினைவுக்கு வந்தார்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே போனோம். நான் பிறந்து வளர்ந்த வீடு. நேரே குசினிக்குப் போனேன். பயணக் களைப்பு, நீங்கள் இருங்கோ என்று அண்ணி கதிரை கொண்டுவந்து போட்டார். திருவலையில் ஒரு பெண் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வளவில் புதிதாகக் குடிவந்தவளாம். எனக்குத் தெரியாத ஆள். அவள் நிமிர்ந்து, மரியாதையாகச் சிரித்து, "உங்களுக்கு எவடம்?" என்று கேட்டாள்.

"திருகோணமலை" என்றேன்.

வாசலில் வாழைக்குலையோடு நின்ற அண்ணருக்கு அது கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். ஆனால் இது இவள் பிறந்த வீடு என்று அவளிடம் சொல்லவில்லை.